எல்ஸாவின் பெயரில்லாத கப்ர்

ஹஜ் காலம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் முஹம்மத் அஸதின் பெயர் ஒரு தடவையாவது காதில் விழும். யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர், அல்குர்ஆனுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதிய அறிஞர் என்று குத்பாவில் சொல்வார்கள். சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் அவர் முதன்முதலாக மக்காவுக்குப் போனபோது தன் மனைவியோடு போனார் என்பதையும், அந்த மனைவி திரும்பி வரவில்லை என்பதையும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில்தான் அவருடைய 'மக்காவுக்கான பாதை' நூலை முதலில் வாசித்தேன். 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்த சுயசரிதை அது. அந்த வயதில் என்னைப் பிடித்துக்கொண்டவை பாலைவனமும் ஒட்டகப் பயணங்களும் மன்னர் இப்னு ஸுஊதின் அவையும்தான். எல்ஸா வரும் பக்கங்களை வேகமாகக் கடந்துவிட்டேன். நாற்பதைத் தாண்டிய பிறகு அதே நூலை மீண்டும் கையில் எடுத்தேன். அந்தப் பக்கங்களை இம்முறை கடக்க முடியவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

லியோபோல்ட் வைஸ் என்பது அஸதின் இயற்பெயர். 1900 ஜூலை 2ஆம் திகதி, அன்றைய ஒஸ்ட்ரியப் பேரரசின் லெம்பேர்க் நகரில் பிறந்தார். இன்று அது உக்ரேனில் உள்ள லிவிவ். தந்தை சட்டத்தரணி. தந்தையின் தந்தை யூத மதகுரு. சிறு வயதிலேயே ஹீப்ரு மொழியும் தவ்ராத்தும் கற்பிக்கப்பட்டன. வியன்னா பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு 1920இல் பேர்லினுக்குப் போனார். கையில் காசில்லை. ஒரு செய்தி நிறுவனத்தில் தொலைபேசியில் செய்தி சொல்லும் வேலை கிடைத்தது. ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கியின் மனைவி பேர்லினுக்கு இரகசியமாக வந்திருந்தபோது, எப்படியோ அவரைச் சந்தித்துப் பேட்டி எடுத்தார். அந்தப் பேட்டிதான் அவரைச் செய்தியாளராக்கியது.

1922இல் ஜெருசலத்தில் இருந்த மாமாவின் அழைப்பின் பேரில் அங்கே போனார். ஐரோப்பாவின் மதிப்புமிக்க பத்திரிகைகளில் ஒன்றான 'பிராங்க்பேர்ட்டர் ஸைட்டுங்' அவரைத் தன் நிருபராக ஏற்றுக்கொண்டது. யூதராக இருந்துகொண்டே சியோனிஸத்தை அநீதி என்று அவர் கருதினார். சியோனிஸத் தலைவர்களோடு நேரிலேயே வாதிட்டார். பின்னர் எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தான் என்று சுற்றினார். ஆப்கானிஸ்தானில் ஓர் ஆளுநர், நீங்கள் ஏற்கெனவே முஸ்லிம்தான், உங்களுக்குத்தான் அது தெரியவில்லை என்ற கருத்தில் அவரிடம் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு அவர் மனதில் தங்கிவிட்டது.

1926இல் மொஸ்கோ வழியாக ஐரோப்பா திரும்பியதும் எல்ஸாவை மணந்தார். எல்ஸா ஓர் ஓவியர். கணவரை இழந்தவர். ஒரு சிறு மகனின் தாய். அஸதைவிட ஏறத்தாழ பதினைந்து வயது மூத்தவர். நம் ஊர்களில் இப்படியொரு திருமணம் நடந்தால் என்னென்ன கதைகள் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். கதீஜா நாயகி (ரழி) அவர்களின் வரலாற்றை மேடைகளில் உருகி உருகிச் சொல்லும் நாமேதான் அந்தக் கதைகளையும் பேசுவோம்.

இருவரும் அல்குர்ஆனின் மொழிபெயர்ப்பை வீட்டில் சேர்ந்து வாசித்தார்கள். கேள்விகளைச் சேர்ந்தே கேட்டார்கள். இந்த இடம்தான் முதல் வாசிப்பில் எனக்குத் தென்படவில்லை. அஸத் தனியே தேடிக் கண்டுபிடித்து மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

1926 செப்டெம்பரில் ஒரு நாள் இருவரும் பேர்லினின் நிலக்கீழ் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். உயர் வகுப்புப் பெட்டி. எதிரே நல்ல உடையும் வைர மோதிரமுமாக ஒருவர். அவருடைய முகத்தில் மட்டும் மகிழ்ச்சியில்லை. அஸத் மற்றவர்களையும் பார்த்தார். எல்லா முகங்களிலும் அதே வேதனை. எல்ஸாவிடம் அதைச் சொன்னார். மனித முகங்களை வரைந்து பழகிய கண்களால் எல்ஸா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, அவர் கண்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் அல்குர்ஆன் பிரதி திறந்தபடி கிடந்தது. மூடி வைக்கப் போன அஸதின் கண்ணில் பட்டது ஸூரா அத்தகாஸுர். மேலும் மேலும் சேர்க்கும் ஆசை, கப்ரைச் சந்திக்கும் வரை மனிதனைப் பராக்காக்கி வைத்திருக்கிறது என்று எச்சரிக்கும் அத்தியாயம். நாம் தொழுகையில் வேகமாக ஓதி முடித்துவிடும் சிறிய ஸூராக்களில் ஒன்று. சற்று முன் ரயிலில் கண்டதற்கு அங்கே பதில் இருந்தது. அவர் பிரதியை எல்ஸாவிடம் நீட்டினார். எல்ஸாவும் வாசித்து அதையே உணர்ந்தார்.

அதன் பின் அஸத் தாமதிக்கவில்லை. பேர்லினில் இருந்த சிறிய முஸ்லிம் சமூகத்தின் தலைவரான இந்திய நண்பரிடம் சென்று, சாட்சிகள் முன்னிலையில் கலிமாச் சொன்னார். லியோ என்றால் சிங்கம் என்பதால் அரபியில் அஸத் என்ற பெயர் அமைந்தது. சில வாரங்கள் கழித்து எல்ஸாவும் இஸ்லாத்தைத் தழுவினார். அந்தச் சில வாரங்களை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். கணவர் மாறிவிட்டார் என்பதற்காக எல்ஸா மறுநாளே மாறவில்லை. தன் மனதுக்குத் தானே பதில் சொல்லிவிட்டு வந்தார். அஸதும் அவரை அவசரப்படுத்தவில்லை.

இதற்கிடையில் அஸத் புகழ்பெற்ற அந்தப் பத்திரிகை வேலையை விட்டிருந்தார். இதைச் சொல்லும்போது இளைஞர்கள் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. அவர் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டுப் புறப்படவில்லை. வேறு சில ஐரோப்பியப் பத்திரிகைகளுக்குப் பயணக் கட்டுரை எழுதும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார். ஆனால் பேர்லின் வாழ்க்கையை இருவரும் முழுமையாக முடித்துக்கொண்டார்கள். மகன் இஸ்லாத்தை ஏற்ற செய்தி அறிந்து தந்தை உறவை முறித்தார். சில ஆண்டுகள் கழித்துத்தான் அந்த உறவு திரும்பியது.

1927 ஜனவரியில் அஸத், எல்ஸா, எல்ஸாவின் சிறு மகன் மூவரும் புறப்பட்டார்கள். செங்கடலில் ஹாஜிகள் நெருக்கியடித்த கப்பல். இஹ்ராம் உடை, தல்பியா முழக்கம், பின்னர் ஜித்தா. அங்கிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு மக்கா. குளிர் நாட்டில் வாழ்ந்த, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு அது எத்தகைய பயணம் என்பதை விமானத்தில் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கும் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். இருவரும் கஃபாவை முதன்முதலாகக் கண்டார்கள்.

ஒன்பது நாட்களில் எல்ஸா வபாத்தானார். வெப்பமும் பழக்கமில்லாத உணவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் எண்ணினார்கள். அது இன்னதென்று தெரியாத ஒரு வெப்பநாட்டு நோய். மக்கா மருத்துவமனையில் இருந்த சிரிய வைத்தியர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மக்காவின் மணல் மையவாடியில் எல்ஸா அடக்கப்பட்டார். கப்ரின் மேல் ஒரு கல் வைக்கப்பட்டது. அதில் எதையும் எழுத அஸத் விரும்பவில்லை.

இஸ்லாத்தில் எல்ஸா வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. அதற்குள் வாசித்தார், ஏற்றார், பயணப்பட்டார், அல்லாஹ்வின் வீட்டைக் கண்டார்.

சிறுவன் ஒரு வருடத்துக்கு மேல் அஸதோடு அரேபியாவில் இருந்தான். பின்னர் எல்ஸாவின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், கல்விக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டான். அஸத் அரேபியாவிலேயே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தங்கினார். அங்கே மறுமணம் செய்தார். மகன் தலால் அஸத் பின்னாளில் பேர்பெற்ற மானிடவியல் அறிஞரானார். 1932இல் இந்தியா சென்று அல்லாமா இக்பாலைச் சந்தித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அவரை எதிரி நாட்டவர் என்று தடுப்பு முகாமில் வைத்தார்கள். அதே காலத்தில் அவருடைய தந்தையும் சகோதரியும் நாஸிகளின் கொடுமைக்குப் பலியானார்கள். பாகிஸ்தான் உருவானபின் அதன் வெளியுறவுச் சேவையில் உயர்ந்து, ஐக்கிய நாடுகள் சபையில் அந்நாட்டின் பிரதிநிதியாக நியூயோர்க் சென்றார்.

1952இல் அந்தப் பதவியையும் விட்டார். அதே ஆண்டு போலா ஹமீதாவை மணந்தார். அமெரிக்கரான ஹமீதாவும் இஸ்லாத்தைத் தழுவியவர். இப்போது இன்னொரு தம்பதியின் நீண்ட பயணம். அஸத் பதினேழு ஆண்டுகள் உழைத்த அல்குர்ஆன் மொழிபெயர்ப்பும் விளக்கமும் 1980இல் முழுமையாக வெளிவந்தது. அந்த ஆண்டுகளெல்லாம் ஹமீதா துணையிருந்தார். சிந்திக்கும் மக்களுக்கு என்று அந்த நூலை அஸத் அர்ப்பணித்திருந்தார். 1992 பெப்ரவரி 20ஆம் திகதி ஸ்பெயினில் காலமாகி, கிரனடாவின் முஸ்லிம் மையவாடியில் அடக்கப்பட்டார்.

அவருடைய சில விளக்கங்களை நம் உலமாக்கள் ஏற்பதில்லை. அந்த விவாதத்துக்கு நான் தகுதியானவன் அல்லன். நான் எழுத வந்தது வேறு.

என் வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் போவதைப் பற்றி என் சிறு வயதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்த ராத்தாவுக்கு வீடு கட்டி முடியட்டும் என்றார்கள். பிறகு இளைய ராத்தாவுக்கு வீடு. பிறகு வாப்பாவின் ஓய்வூதியம். எல்லாம் முடிந்து காசு சேர்ந்த வருடத்தில் உம்மா மௌத்தானார். வாப்பா தனியே போனார். அடுத்த வருடம் உம்மாவுக்காக இன்னொருவரை அனுப்பி ஹஜ்ஜுச் செய்வித்தார். வாப்பா கஃபாவைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசவில்லை. பக்கத்தில் உம்மா இல்லை என்பதைத்தான் பேசினார்.

கடனும் பிள்ளைகளின் பராமரிப்பும் முதலில் தீர வேண்டும் என்பது மார்க்கம் சொல்வது. சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. ஆனால் மகளுக்கு மாடி வீடு கட்டியிருக்க வேண்டும் என்றோ, அறுபது வயது முடிந்திருக்க வேண்டும் என்றோ மார்க்கம் சொல்லவில்லை. அவை நாம் சேர்த்துக்கொண்ட நிபந்தனைகள். பெண் வீட்டார் வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்ற வழக்கம் எத்தனை தாய்மாரின் ஹஜ்ஜை விழுங்கியிருக்கிறது என்று நம் ஊர்களில் எவரும் கணக்கெடுத்ததில்லை.

அந்த நூலை இரண்டாம் முறை வாசித்து முடித்த இரவு என் மனைவியிடம் எல்ஸாவைப் பற்றிச் சொன்னேன். அவரும் ஆசிரியைதான். கேட்டுவிட்டு, நாம் எந்த வருடம் போகப் போகிறோம் என்று கேட்டார். மகளுக்கென்று தொடங்கிய மேல்மாடி பாதியில் நின்றது. அதற்கென ஒதுக்கிய பணம் வங்கியில் இருந்தது. கடன் எதுவும் இல்லை. என்னிடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

மேல்மாடி அப்படியே நிற்கிறது. நாங்கள் இருவரும் பெயரைப் பதிவு செய்துவிட்டோம். மஃரிபுக்குப் பிறகு ஒரு பக்கமாவது அல்குர்ஆன் மொழிபெயர்ப்பைச் சேர்ந்து வாசிக்கிறோம். மகளும் சில நாட்களில் வந்து உட்காருகிறாள்.

எழுத்தில்லாத அந்தக் கல் இன்று அங்கே இருக்காது. மக்கா எவ்வளவோ மாறிவிட்டது. அந்த மண்ணில் எங்கோ உறங்கும் எல்ஸாவுக்கும், ஆசையோடு காத்திருந்து போகாமலே போன நம் தாய்மார்களுக்கும் அல்லாஹ் மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.