பூட்டுத் தொழிலாளியின் மகன்

விசையைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. அதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது, எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதைப் பள்ளிச் சிறுவனும் இன்று கணக்கிட்டு விடுவான். அக்கணக்குக்கு அடிகோலியவர் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே. ஆதலின் ஜார்ஜ் ஸைமன் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞரின் சரித்திரத்தைச் சுருங்கக் கூற விரும்புகிறோம்.

ஓம் 1789-ம் வருஷம் மார்ச்சு 16-ந் தேதி எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாமே முயன்று கணிதம் பயின்று, அதைத் தம் புதல்வர்களுக்கும் போதித்தவர். 1811-ல் டாக்டர் பட்டம் பெற்ற ஓம், 1817-ல் கொலோன் நகரத்துப் பாடசாலையொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் உபாத்தியாயரானார். ஆராய்ச்சிக் கருவிகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டார். தந்தையின் பட்டறையில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

அக்காலத்து மின்கலங்களின் வேகம் அளந்துகொண்டிருக்கும்போதே தளர்ந்துவிடும். ஆகவே அவர் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை அதனுடன் மாற்றி மாற்றிச் சேர்த்து, காந்த ஊசியின் அசைவைக் கொண்டு ஓட்டத்தை அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைவதை அளவிட்டுக் கண்டார். 1827-ல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவ்விதி மிக எளிது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். 230 வோல்ட் அழுத்தத்தில் ஓர் அடுப்பில் 5 ஆம்பியர் ஓடினால் அதன் தடை 46 ஓம். அவ்விரண்டையும் பெருக்கினால், அது உண்ணும் சக்தி 1,150 வாட் என்பது விளங்கும். உஷ்ணநிலை மாறினால் தடையும் மாறும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

இவ்வுண்மைக்குக் கிடைத்த வரவேற்பு யாது? இயற்கையின் நியதிகளைத் தர்க்கத்தாலேயே அறியலாமென நம்பியவர் சிலர் நூலைக் கடுமையாகத் தாக்கினர். எதிர்பார்த்த சர்வகலாசாலைப் பதவி கிட்டவில்லை. கொலோன் வேலையைத் துறந்து, பெர்லினில் கணிதம் போதித்துக் காலங்கழித்தார். 1833-ல் நூரம்பர்க் தொழிற்கலாசாலையில் இடம் கிடைத்தது. 1841-ல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கமளித்துக் கௌரவித்தது. மூனிச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் பீடம் 1852-ல்தான் வாய்த்தது. அப்போது அவருக்கு வயது 63. 1854-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மகாநாடு, தடையின் அளவுக்கு அவர் பெயரையே சூட்டிற்று.

காந்த ஊசி பட்டத்தையும் பதவியையும் பார்த்து அசைவதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. தன் மைந்தனின் மதிப்பை அயலார் முத்திரையிட்ட பின்னரே உணரும் நாடு, அவனுடைய உழைப்பின் சிறந்த ஆண்டுகளை வீணே இழக்கிறது. அந்த நஷ்டத்தை எந்தப் பதக்கமும் ஈடு செய்யாது என்பதே நமது கருத்து.