மறுக்கப்பட்ட பட்டமும் மறுத்த பட்டமும்

உளவியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெறாத மாணவி யொருத்தி அண்மையில் என்னிடம் வந்து வருந்தினாள். அவளுக்கு யான் கூறிய வரலாறு பிறர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றேன். அது மேரி விற்றன் கோல்க்கின்ஸ் அம்மையாரின் வரலாறு.

அம்மையார் 1863ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாட்போட் நகரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மதகுரு. ஸ்மித் கல்லூரியிற் பயின்ற அம்மையார், 1887இல் வெல்ஸ்லி மகளிர் கல்லூரியிற் கிரேக்கமொழி ஆசிரியையானார். பழைய மொழியொன்றைக் கற்பித்து வாழும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அவர்தம் போதனைத் திறனைக் கண்ட கல்லூரியார், அக்காலத்துப் புதிய துறையாகிய உளவியலைக் கற்பிக்க அவரைத் தெரிந்தனர். அதற்குமுன் ஓராண்டு அதனைக் கற்றுவருமாறும் விதித்தனர்.

எங்கே கற்பது? ஹாவாட் பல்கலைக்கழகமோ ஆடவர்க்கே உரியதாயிருந்தது. தந்தையாரும் வெல்ஸ்லித் தலைவியாரும் விடுத்த வேண்டுகோள்களின் பயனாக, 1890இல் விருந்தினராயிருந்து பாடங்கேட்க மாத்திரம் அநுமதி கிடைத்தது. வில்லியம் ஜேம்சின் வகுப்பிலிருந்து ஏனையோர் விலகிவிட, ஆசிரியரும் அம்மையாரும் இருவராகவே பாடத்தை ஆராய்ந்தனர். அடுத்த ஆண்டில் வெல்ஸ்லியில் உளவியல் ஆய்வுகூடமொன்றை நிறுவினார்.

பின்னர் ஹாவாட்டில் மூன்ஸ்ரபேக் என்னும் பேராசிரியரின்கீழ் நினைவாற்றலை ஆராய்ந்தார். நிறமும் எண்ணும் இணையாகக் காட்டிப் பின் நிறத்தை மாத்திரங் காட்டி எண்ணைக் கேட்பது அவர் வகுத்த முறை. பலகாற் சேர்ந்து வருவதே நினைவில் நன்கு பதியுமெனக் கண்டார். மனனஞ் செய்விக்கும் நாம் அநுபவத்தால் அறிந்ததனை அவர் சோதனையால் நிறுவினார்.

1895இற் பேராசிரியர்கள் அவரைப் பரீட்சித்துக் கலாநிதிப் பட்டத்துக்குரிய தகுதி முழுதும் அவருக்கு உண்டென ஒருமுகமாகத் தெரிவித்தனர். ஆயினும், பெண் என்னுங் காரணத்தால் நிருவாகத்தார் பட்டத்தை மறுத்தனர். 1902இல், ஹாவாட்டைச் சார்ந்த றட்கிளிவ் மகளிர் கல்லூரி தன் பட்டத்தை அவருக்கும் வேறு மூவர்க்கும் வழங்க முன்வந்தது. மூவரும் ஏற்றனர், அம்மையார் ஏற்றிலர். தாம் கற்றது ஹாவாட்டில். கல்லாத இடத்துப் பட்டத்தை ஏற்பின், மகளிரைப் புறவாயிலில் நிறுத்தும் முறைக்குத் தாமும் உடன்பட்டவராவர் என்பதே அவர் கருத்து.

அப்பட்டம் இன்றியே 1905இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். 1918இல் அமெரிக்கத் தத்துவ சங்கத்துக்குந் தலைமை தாங்கினார். 1927இல் ஹாவாட்டிற் பயின்ற அறிஞர் சிலர் அவருக்காக விண்ணப்பித்தபோதும் அப்பல்கலைக்கழகம் இணங்கவில்லை. 1930இல் அம்மையார் காலமானார்.

பட்டம் வேண்டாவென்று யான் மாணவிக்குக் கூறவில்லை. அம்மையாரும் அதனை விரும்பியே உழைத்தவர். விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் விடை கல்வியின் அளவன்று என்பதே யான் கூறியது. தெரிவுசெய்யும் இடத்தில் அமர்வோரும் இதனை மறத்தலாகாது. மாணவி மீண்டும் விண்ணப்பிக்கத் துணிந்துள்ளாள். நற்சான்றுக் கடிதத்தை யான் எழுதி வைத்திருக்கின்றேன்.