கோட்டையில் கேட்ட பிடில்

குட்டீஸ்! தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் மாலையில் பார்த்தால், முதுகில் நீளமான பையுடன் கிடார் வகுப்புக்குப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் கண்ணில் படுவார்கள். நீங்களும் கற்றுக் கொள்கிறீர்களா? விரல் நுனி வலிக்கிறதா? நமக்கு எங்கே இது வரப் போகிறது என்று அலுப்பாக இருக்கிறதா? அப்படியானால், பாலுசாமி தீட்சிதரின் கதை உங்களுக்குத்தான்!

இவர் 1786-ம் ஆண்டு பிறந்தார். அப்பா ராமசாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். பெரிய அண்ணன், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். இன்னொரு அண்ணன் சின்னசாமி. திருவாரூரில் வாழ்ந்த இந்தக் குடும்பத்தை, சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்கு அழைத்து ஆதரித்தார் முத்துகிருஷ்ண முதலியார். பாலுசாமி அங்கே வாய்ப்பாட்டும் வீணையும் கற்றார்.

அப்போது சென்னையில் கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சி. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ‘கோட்டை’ என்று ஒரு நிலையம் வருமே, அதன் அருகிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டையில்தான் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் முழங்கும். முதலியாரின் மகன் சின்னையா, சகோதரர்களை அங்கே அழைத்துப் போனார். அந்த மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி, பிற்காலத்தில் அதே பாணியில் ‘நொட்டு ஸ்வரம்’ என்ற சின்னச் சின்னப் பாடல்களை இயற்றினார். பாலுசாமியின் மனமோ பிடில் மீது போயிற்று.

ஓர் ஐரோப்பியக் கலைஞரிடம் மூன்று ஆண்டுகள் அவர் பிடில் கற்றார். அது எளிதான வேலை அல்ல. வீணையிலும் கிடாரிலும் எங்கே அழுத்துவது என்று காட்ட மெட்டுகள் உண்டு. பிடிலில் மெட்டு கிடையாது. விரல் ஒரு நூலிழை தள்ளிப் போனாலும் சுருதி பிசகிவிடும். ஆனால் அதிலேயே ஒரு நன்மையும் இருந்தது. தடையில்லாமல் விரலை வழுக்கி நம் ராகங்களின் கமகங்களை அதில் வாசிக்கலாமே!

வெள்ளைக்காரர் பாட்டோடு பாலுசாமி நிற்கவில்லை. கர்நாடக இசையையும் அதிலேயே வாசித்துப் பழகினார். பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக அமர்ந்தார். தம்பியைப் பார்க்க எட்டயபுரம் வந்த முத்துசாமி தீட்சிதர், 1835-ல் அங்கேயே காலமானார். பாலுசாமி வளர்த்த பேரன் சுப்பராம தீட்சிதர், 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரிய நூலை வெளியிட்டு, குடும்பத்தின் பாடல்களைக் காப்பாற்றினார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரி அபூர்வம்!

கிடார் கற்கும் குட்டீஸ், பாலுசாமியை நினைத்துக் கொண்டு இவற்றைச் செய்யுங்கள்:

* உட்கார்ந்ததும் முதலில் ஆறு தந்திகளையும் சுருதி சேருங்கள்.

* மெட்டின் மேலேயே அழுத்தாமல், அதை ஒட்டிச் சற்று முன்னால் விரல் வையுங்கள். ஒலி தெளிவாக வரும், வலியும் குறையும்.

* மெதுவாக, தப்பில்லாமல் வாசித்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

* ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் வாசிப்பது மேல்.

* உங்களுக்குப் பாடத் தெரிந்த ஒரு பாட்டைக் கிடாரில் தேடிப் பாருங்கள்.

கோட்டையில் கேட்ட வாத்தியத்தில் பாலுசாமி தேடியதும் தனக்குத் தெரிந்த பாட்டைத்தானே!