இரண்டே வேளைகள்: அர்ச். அருளானந்தர் சரித்திரம்

பிள்ளையார்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடி, தேவகோட்டை வழியாக ஓரியூருக்கு யாத்திரை. கையில் செபமாலை. விரல் மணியைத் தள்ளுகிறது, உதடு அசைகிறது. மனமோ, நேற்று தம்பியோடு நடந்த பாகப்பிரிவினைச் சண்டையிலும், நாளை கட்டவேண்டிய நகைக்கடன் வட்டியிலும் அலைகிறது. பக்கத்தில் நிற்கும் மகன் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டான், காதில் விழவில்லை. ஐம்பத்து மூன்று மணியும் ஓடிப்போயிற்று. செபித்தது யார்?

இந்த நோய் நம் எல்லோருக்கும் உண்டு. நடந்ததை விட்டு, வரப்போவதை விட்டு, இந்த வேளையில் மனதை நிறுத்தப் பழகுங்கள் என்று இக்காலத்தில் டாக்டர்களும் சொல்கிறார்கள். நல்ல புத்திதான். அதை எப்படி வாழ்வது என்பதை, நீங்கள் போகிற அந்த ஓரியூரிலேயே ஒருவர் காட்டிப்போயிருக்கிறார்.

1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில், பிரபு குடும்பத்தில் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. சிறு வயதில் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவின் தோழராக வளர்ந்தார். கடும் வியாதியில் விழுந்தபோது, அவர் தாயார் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரிடம் மன்றாடினார், பிள்ளை பிழைத்தது. அந்தப் பிள்ளை 1662-ல் சேசுசபையில் சேர்ந்து, 1673-ல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டில் கப்பலேறிக் கோவா வந்தது. மறு ஆண்டு மதுரை மிசியோனுக்கு வந்தவர் தமிழ் கற்று, காவி உடுத்து, மாமிசம் நீக்கி, பண்டார சுவாமியாக ஊர் ஊராய் நடந்தார். அருளானந்தர் என்பது அவர் தமிழ்ப் பெயர்.

அந்நாளில் சிவகங்கைச் சீமை தனியாகப் பிரியவில்லை. நம் பக்கத்து ஊர்கள் பலவும் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் மறவர் சீமையில் இருந்தன. 1686-ல் அங்கே சுவாமியாரும் உபதேசியார்களும் பிடிபட்டார்கள். அடித்தும், தண்ணீரில் அமிழ்த்தியும் வதைத்தார்கள். பின்பு சேதுபதி, இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு விடுவித்தார். அடுத்த ஆண்டு மிசியோன் காரியமாகச் சுவாமியார் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழர் பெத்ரோ இப்போது அரசர். இங்கேயே தங்கிவிடும்படி அவர் வற்புறுத்தினார். சுவாமியாரோ அந்தப் பட்டணத்திலும் மாமிசம் தொடாமல், தரையிலே படுத்து, நம் நாட்டு நோன்பையே காத்துவந்தார். 1690-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். மறுபடியும் மறவர் சீமைக்குள் வந்தார்.

அங்கே தடியத்தேவர் என்ற பிரபு வியாதி நீங்கிச் சத்திய வேதத்தில் சேர விரும்பினார். ஒரு மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கி, 1693 ஜனவரி 6-ந் தேதி ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையிட்டாள். இரண்டே நாளில், ஜனவரி 8-ந் தேதி, சுவாமியார் பிடிபட்டார். இராமநாதபுரத்தில் சில நாள் வைத்திருந்து, ஓரியூரில் அதிகாரம் செலுத்திய சேதுபதியின் சகோதரரிடம் அனுப்பினார்கள். வெளியே சொன்னது நாடு கடத்தல். உள்ளே கொடுத்த கட்டளை மரணம்.

இப்போது அந்தச் சிறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால் 1686-ம் ஆண்டின் வாதனை. முன்னே பார்த்தால் அரிவாள். லிஸ்பனிலேயே இருந்திருக்கலாமே என்று எண்ணவும் இடமுண்டு. நம்மைப் போன்றவர் அந்த இரவுகளில் ஆயிரம் முறை செத்திருப்போம். அவர் என்ன செய்தார்? பிப்ரவரி 3-ந் தேதி, மை இல்லாததால் கரியைத் தண்ணீரில் குழைத்து, பேனா இல்லாததால் வைக்கோல் துரும்பை எடுத்து, நடந்த காரியங்களைத் தம் சபைக் குருக்களுக்குக் கடிதமாக எழுதினார். தமக்குப் பின் மிசியோனை நடத்துவோர் விவரம் அறிய வேண்டும். அந்த வேளையின் கடமை அது. கரி இருந்தது, துரும்பு இருந்தது, கை இருந்தது. அவ்வளவு போதும்.

மறுநாள் 4-ந் தேதி, விபூதிப் புதன். கொலைக்களத்தில் செபிக்கச் சற்று நேரம் கேட்டார். செபித்து எழுந்து, கொலையாளியைத் தழுவிக்கொண்டார். பின் தலையைக் கொடுத்தார். 46 வயது நிறைய ஒரு மாதங்கூட இல்லை. 1947 ஜூன் 22-ந் தேதி பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சிஷ்ட பட்டம் அளித்தார்.

வாசகரே, இந்த அமைதி ஒரு நாளில் வந்ததல்ல. சேசுசபையார் அர்ச். இஞ்ஞாசியார் கற்பித்தபடி மத்தியானமும் இரவும் ஆத்தும சோதனை செய்பவர்கள். கடந்த அரை நாளை மாத்திரம் பார்ப்பது; பெற்ற நன்மைக்கு நன்றி சொல்வது; தவறியதற்கு மனஸ்தாபப்படுவது; அடுத்த அரை நாளைச் சர்வேசுரன் கையில் வைத்து எழுந்து வேலைக்குப் போவது. கடைக்காரரும் செய்யலாம், அடுப்படியில் நிற்கும் தாயாரும் செய்யலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷம் போதும்.

நாளையை நினைக்கவே கூடாது என்பதல்ல. வட்டிப் பணத்துக்கு வழி தேடுவதும் கடமைதான். அதற்கென ஒரு நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். செபமாலை நேரத்தைக் கவலைக்குக் கொடுத்தால் வட்டி குறையாது. செபமும் மகனும்தான் கைவிட்டுப் போவார்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அருள் நிறைந்த மந்திரத்தில் தேவமாதாவிடம் நாம் இரண்டே வேளைகளுக்கு உதவி கேட்கிறோம். ஒன்று இந்த வேளை. மற்றொன்று நம் மரண வேளை. நேற்றும் நாளையும் அதில் இல்லை. ஒரு நாள் அந்த இரண்டு வேளையும் ஒன்றாகும். அருளானந்தருக்கு அது ஓரியூரில் ஒரு புதன்கிழமை ஒன்றாயிற்று. அவர் அங்கே இருந்தார். நமக்கு எப்போதோ, எங்கேயோ! அன்றைக்கு நாம் அங்கே இருக்க வேண்டுமானால், இன்றைக்கு இங்கே இருக்கப் பழக வேண்டும்.

பஸ் வரும்போது வரட்டும். மகன் மூன்றாம் தரம் கூப்பிடுகிறான். திரும்பி, என்ன ராசா என்று கேளுங்கள்.

அர்ச். அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.