சகோதரி சுப்புலட்சுமி

பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மாணவி ஒருத்தி கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதுவதை இன்று எவரும் வியப்பதில்லை. புழல், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற இடங்களில் வாழும் எளிய தொழிலாளர் இல்லங்களிலிருந்தும் ஆண்டுதோறும் பெண்கள் கல்லூரி புகுகின்றனர். எப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, எங்கே தங்குவது, உதவித்தொகை பெறுவது எங்ஙனம் என்பவற்றை எடுத்துரைக்க ஆசிரியர்கள் இருக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நிலைமை வேறாக இருந்தது. 1901ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. அக்காலத்தில், இருண்ட மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த இளம்பெண்களை எழுத்தறிவித்துக் கல்லூரி வாயில் வரை அழைத்துச் சென்றார் ஒரு பெருமாட்டி. அவரே சகோதரி சுப்புலட்சுமி.

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு சென்னையில் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி, விளையாட்டுப் பருவத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. நெடுநாள் ஆகுமுன்னரே கணவர் இறந்தார். மணவாழ்க்கை இன்னதென்று அறியாத சிறுமி கைம்பெண் ஆனார்.

அந்நாளில் கைம்பெண் என்னும் பெயரே ஒரு தண்டனையாக இருந்தது. அவள் தலை மழிக்கப்படும்; நல்ல ஆடை மறுக்கப்படும்; மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு இடமில்லை. அவள் எதிரே வருதல் தீய சகுனம் என்று கருதினர். சிறுமியாயினும் இவ்விதிக்கு விலக்கு இல்லை. சுப்புலட்சுமியின் சிற்றன்னையார் வாலாம்பாளும் இளமையிலேயே கைம்மை எய்தி அவ்வீட்டில் வாழ்ந்து வந்தவர். அவர் பட்ட துன்பத்தைக் கண்டிருந்த பெற்றோர், தம் மகளுக்கும் அந்நிலை வருதலாகாது என உறுதி பூண்டனர். மகளின் கூந்தலைக் களைய அவர்கள் இசையவில்லை. மாறாக, அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தனர். உறவினர் இகழ்ந்தனர், ஊரார் பழித்தனர். பெற்றோர் தளரவில்லை.

சுப்புலட்சுமி முதலில் வீட்டிலும், பின்னர்க் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியிலும் பயின்றார். தமக்கென வாழாது பிறர் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வந்த அக்கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்தைச் சார்ந்து நின்றே தாமும் அத்தகைய வாழ்வை மேற்கொள்ளல் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே அரும்பிற்று. பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்களே நிறைந்திருந்த அக்கல்லூரியில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏளனத்தையும் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது பயின்று, 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறி பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

தாம் பெற்ற பட்டத்தோடு அவர் மனநிறைவு கொள்ளவில்லை. தம்மைப்போல் கைம்மையுற்ற சிறுமியர் பல்லாயிரவர் இருப்பதை எண்ணினார். அவர்களுக்கு அறிவு உண்டு. ஆனால் வழி இல்லை. கல்லூரியின் கதவு திறந்திருப்பினும், அதனை அடையும் பாதையில் ஒவ்வோர் அடியிலும் தடை இருந்தது. அத்தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவதே தம் வாழ்நாட் பணி எனக் கொண்டார்.

அந்நாளில் பெண்கள் பள்ளிகளுக்கான அரசாங்கக் கண்காணிப்பாளராக இருந்த லிஞ்ச் அம்மையார், பெண் ஆசிரியர் கிடைக்காமையால் பெண்கல்வி வளராதிருப்பதைக் கண்டு வருந்தியவர். ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர்; பெண் ஆசிரியராக வரவோ படித்த பெண்கள் இலர். கைம்பெண்களுக்குக் கல்வியளித்து அவர்களை ஆசிரியராக்கினால் இவ்விரு குறைகளும் ஒருங்கே தீரும் என்பதைச் சுப்புலட்சுமி உணர்ந்தார். 1912ஆம் ஆண்டு எழும்பூரில் தம் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலேயே ஒருசில இளங்கைம்பெண்களைச் சேர்த்து இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே சாரதா மகளிர் சங்கத்தையும் நிறுவினார். சமையலையும் வீட்டுப் பொறுப்பையும் சிற்றன்னையார் வாலாம்பாள் ஏற்றுக்கொண்டார். அங்கு வாழ்ந்தோர் சுப்புலட்சுமியைச் சகோதரி என அழைத்தனர்; நாளடைவில் நாடே அவரை அப்பெயரால் அழைத்தது.

கல்லூரியை அடைவதற்கு முன்னர் அப்பெண்கள் கடக்க வேண்டியிருந்த படிகள் பல. பெற்றோரை இசையச் செய்வது முதற்படி. மகள் இல்லத்தில் சேர்ந்தால் குல ஒழுக்கம் கெடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. உணவிலும் வழிபாட்டிலும் பழைய முறைகளை அங்கே வழுவாது காத்தமையால் பெற்றோரின் அச்சம் சிறிது சிறிதாக நீங்கிற்று. எல்லாக் குலத்தவரையும் சேர்த்துக்கொள்ளாதது அவ்வில்லத்தின் குறையே. எனினும், கதவடைத்துக் கிடந்த வீடுகளிலிருந்து பெண்களை வெளிக்கொணர அன்று அவர் கண்ட வழி அதுவாக இருந்தது.

இழந்த ஆண்டுகளை ஈடுசெய்வது அடுத்த படி. பதினான்கு, பதினைந்து வயதிலும் எழுத்தறியாத பெண்கள் அங்கு வந்தனர். சிறு குழந்தைகளோடு அவர்களை முதல் வகுப்பில் அமர்த்துதல் இயலாது. ஆதலால், சகோதரி அவர்களுக்கு வீட்டிலேயே அடிப்படைப் பாடங்களை விரைந்து கற்பித்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் தகுதியை உண்டாக்கினார். பகலில் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியப் பணி. எஞ்சிய நேரத்தில் இல்லத்தில் பாடம். இவ்வாறு ஓய்வின்றி உழைத்தார்.

பணத்திற்கு வழி தேடுவது மூன்றாம் படி. ஆசிரியப் பணிக்குப் பயில முன்வரும் கைம்பெண்களுக்கு உதவிப்பணம் அளிக்க அரசாங்கம் இசைந்தது. இதனால், தந்தையின் கையை எதிர்பாராமலே பெண்ணொருத்தி படிக்கும் நிலை பிறந்தது.

தங்கும் இடம் கிடைப்பதும் எளிதாக இல்லை. தீய சகுனம் எனக் கருதப்பட்டோர் பலர் ஓரிடத்தில் கூடி வாழ்வதை அண்டை அயலார் விரும்பவில்லை. சில ஆண்டுகளில் கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் பெரிய கட்டடம் இல்லத்திற்கு வாய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற கட்டடம் அது. விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சில நாள் தங்கிய சிறப்பும் அதற்கு உண்டு. இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குவது அதுவே.

அக்கடற்கரையிலேயே 1914ஆம் ஆண்டு சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி தோன்றியது. 1917ஆம் ஆண்டில் அது இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆண்களோடு பயில விரும்பாத பெண்களுக்கும் உயர்கல்வி இதனால் கைகூடிற்று. இல்லத்துப் பெண்கள் சிலரும் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி புகுந்தனர். எல்லாரையும் ஒரே பாதையில் சகோதரி செலுத்தவில்லை. உயர்கல்விக்குரியோர் கல்லூரிக்குச் சென்றனர். பிறர் ஆசிரியப் பயிற்சி பெற்றனர். ஊரார் காண அஞ்சிய பெண்கள், ஊராரின் குழந்தைகளுக்கே ஆசிரியராயினர்!

1922ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது சகோதரி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இருபது ஆண்டுகள் பணியாற்றி 1942இல் ஓய்வு பெற்றார். இல்லத்தின் விதிகளின்படி வயது மிகுந்த பெண்களைச் சேர்க்க இயலவில்லை. அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் பொறாது, 1927ஆம் ஆண்டு சாரதா வித்தியாலயத்தை நிறுவினார். பின்னர் அதனை இராமகிருஷ்ண மிஷனார் ஏற்று நடத்தலாயினர். துன்பத்தின் வேர் குழந்தை மணமே என்பதை அறிந்திருந்த அவர், அவ்வழக்கத்தை ஒழிக்கவும் பாடுபட்டார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சட்டம் 1929இல் நிறைவேறியது.

நாடு விடுதலை பெற்றபின், 1952 முதல் 1956 வரை அவர் சட்ட மேலவை உறுப்பினராக விளங்கினார். 1958ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1969ஆம் ஆண்டு அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

படி என்று சொல்லுதல் எவர்க்கும் எளிது. படிப்பதற்குரிய வழியைச் செப்பனிட்டுத் தருதல் அரிது. எழுத்து, உணவு, உறைவிடம், உதவிப்பணம், துணிவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே அளித்தவர் சகோதரி சுப்புலட்சுமி. மாணவர்களே, கல்லூரி செல்லும் வழி தெரியாது தயங்கி நிற்கும் ஒருவரை நீங்கள் காண நேரிடலாம். வழியை மட்டும் காட்டி நின்றுவிடாது, அவரோடு சில அடிகள் உடன் நடப்பதே அவ்வம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான வணக்கமாகும்.