காடே கல்லூரி: மா. கிருஷ்ணன்

இறுதியாண்டு படித்தபோது ஹாஸ்டல் நண்பனிடம் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு லீவுக்கு எங்க ஊர் நாச்சியாபுரம் போனேன். வீட்டுக் கொல்லையில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. படத்தை மறைக்குதேன்னு இரண்டு கிளையை ஒடித்துவிட்டேன். படம் பிரமாதம். மறுநாள் வெயிலில் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. படத்தை எல்லோருக்கும் காட்டினேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மலரில்தான் சொல்கிறேன்.

அந்த உறுத்தலில்தான் மா. கிருஷ்ணனைத் தேடிப் படித்தேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைக்குட்டி. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தார். தாவரவியலும் சட்டமும் படித்தவர். 1942-இல் பெல்லாரிப் பக்கம் சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆசிரியர், நீதிபதி என்று பல பொறுப்புகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னை திரும்பியவருக்கு எழுத்தும் படமுமே ஜீவனம். பிள்ளை குட்டிக்காரர் இப்படித் துணிவது லேசா என்ன!

எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு செய்தி: பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து, தானே ஒரு கனத்த கேமரா செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு யானை மேலும் கால்நடையாகவும் காடுகாடாக அலைந்தார். வேடந்தாங்கல் நீர்ப்பறவைகளைப் பற்றி வனத்துறைக்காக அவர் எழுதிய நூல் 1960-இல் வந்தது. 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்ம பக்கத்துப் பேரோடு, 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார்!

1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர் எழுதினார். 46 வருஷம்! 1996 பிப்ரவரி 18-இல் அவர் காலமான அன்றும் ஒரு கட்டுரை வெளிவந்தது.

அவரைப் படித்த பிறகு நான் எந்தக் கூட்டையும் தொட்டதில்லை. ஊருக்குப் போனால் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போய்க் கண்மாய்க்கரையிலேயே நின்றுகொள்வேன். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. குழந்தைகளே பட்டாசை விட்டுக்கொடுக்கும்போது, நாம் ஒரு குளோஸப்பை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

தம்பி தங்கைகளே, நத்தைக்குத்தி நாரை படத்தில் சின்னதாகத்தான் விழும். விழட்டும். குஞ்சு பிழைச்சிருக்கும்.