காயலில் கூடியவர்களின் மகள்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், காயலை ஒட்டி, ஓடு வேய்ந்த பழைய அரண்மனை ஒன்று நிற்கிறது. 1555-இல் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்த மாளிகை அது. 1663-இல் டச்சுக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்தமையால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. கொச்சி மன்னர்களின் முடிசூட்டு மண்டபமும், சுவர் நிறைந்த இராமாயண ஓவியங்களும் அதனுள் உள்ளன. வளாகத்திலேயே பழையன்னூர் பகவதியின் கோயில். சில அடிகள் நடந்தால் 1568-இல் எழுந்த யூதர்களின் ஜெபாலயம். கோவாவிலிருந்து வந்த கொங்கணியர்க்குத் திருமலைக் கோயில். குஜராத்திலிருந்து வந்த சமணர்க்கு ஒரு கோயில். கட்சிலிருந்து வந்த மேமன்களுக்குப் பள்ளிவாசல். கடல் கடந்து வந்தவர்க்கும் கரை வழியே வந்தவர்க்கும் வழிபட ஓரிடம் தந்த ஊர் என்று மட்டாஞ்சேரியைப் போற்றுவது வழக்கம். அந்தப் புகழ்ச்சி பொய்யன்று.

ஆயினும் அதே கொச்சி நாட்டில், அந்நாட்டின் வயல்களைத் தலைமுறை தலைமுறையாக உழுது நட்டு அறுத்த மக்களுக்கு, ஒன்றுகூடிப் பேசுவதற்கு ஓர் அடி நிலம் கிடைக்கவில்லை. புலையர் என்று அழைக்கப்பட்ட அம்மக்கள் 1854 வரை கொச்சியில் சட்டப்படியே அடிமைகள். அடிமைமுறை ஒழிந்த பின்னும் பொதுவழியில் நடக்கக் கூடாது, சந்தைக்குள் நுழையக் கூடாது, கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது, உயர்ந்தோர் எனப்பட்டவர் வரும்போது குறித்த தொலைவு விலகி நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் நீடித்தன. பெண்கள் மேலாடை அணிவதும் மறுக்கப்பட்டிருந்தது. கழுத்தில் அடுக்கடுக்காக அணிந்த பாசிமணி மாலைகளே அவர்கள் மார்பை மறைத்தன.

மட்டாஞ்சேரியிலிருந்து வடக்கே காயலில் பரந்து கிடக்கும் தீவுகளில் ஒன்று முளவுகாடு. அதன் தென்கோடியைப் போல்காட்டி என்பார்கள். 1744-இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகை அங்கே உள்ளது. அந்த முளவுகாட்டில், 1912 ஜூலை மாதம், குஞ்ஞன்–மாணி தம்பதியரின் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த தாட்சாயணி வேலாயுதன் அவரே.

குழந்தை பிறந்த மறு ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் அவர் வாழ்வைச் சொல்ல இயலாது. முளவுகாட்டில் கிருஷ்ணாதி என்றொரு பெரியவர் இருந்தார், தாட்சாயணியின் உறவினர். தம் மக்களை ஒன்றுகூட்டிச் சங்கம் அமைக்க விரும்பினார். செறாநல்லூரைச் சேர்ந்த பண்டிதர் கே.பி. கருப்பன் அவருக்குத் துணை நின்றார். கருப்பன் மீனவர் குலத்தில் பிறந்து, சம்ஸ்கிருதத்தில் ஆழ்ந்த புலமை பெற்ற கவிஞர். கூட்டம் நடத்த இடம் வேண்டும். மன்னரின் மண்ணில் இவர்கள் கூடக் கூடாது என்பது தடை. மண் தானே மன்னருடையது, நீரில் கூடினால் என்ன என்று யோசித்தார்கள். மீனவர்களின் வள்ளங்களைக் காயலில் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகைகளைப் பரப்பினார்கள். அந்த மிதக்கும் தளத்தில் 1913-இல் கூடிய கூட்டம்தான் காயல் சம்மேளனம் என்று கேரள வரலாற்றில் இடம்பெற்றது. கொச்சிப் புலைய மகாசபை அவ்வாறு பிறந்தது.

இதன் பின் எர்ணாகுளத்தில் ஒரு வேளாண்மைக் கண்காட்சி நடந்தது. அங்கே அடுக்கி வைக்கப்பட்ட விளைபொருள்களை விளைவித்தவர்கள் இம்மக்களே. ஆனால் அவர்கள் நகருக்குள் கால் வைக்க முடியாது. படகுகளில் அமர்ந்து காயலிலேயே காத்திருந்தார்கள். கருப்பன் இதை ஆட்சியாளரிடம் எடுத்துச் சொன்னார். அனுமதி கிடைத்தது. தங்கள் கைகளால் விளைந்த நெல்லைக் காண அவர்கள் முதன்முதலாக நகர்க்கரையில் இறங்கினார்கள்.

இத்தகைய குடும்பச் சூழலில் வளர்ந்த குழந்தைக்குச் சூட்டப்பட்ட பெயரே ஒரு துணிவு. அக்காலத்தில் அச்சமூகப் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா, பூமாலை என்பன போன்ற பெயர்களே வழக்கம். தக்கனின் மகளாகிய தேவியின் பெயர் மேல்சாதியார் வீட்டுப் பெண்களுக்கு உரியது என்று கருதப்பட்டது. பெற்றோர் அதையே வைத்தார்கள். அயலார் வியந்தார்கள், சிலர் ஏளனமும் செய்தார்கள். வேறோர் ஊரில், வேறோர் இல்லத்தில் இப்பெயரைக் கேட்டால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயரோடு நிற்கவில்லை. மேலாடை அணிந்து பள்ளிக்குச் சென்ற அச்சமூகப் பெண்களில் முதல் வரிசையில் தாட்சாயணி இருந்தார். தீவிலிருந்து கல்வி நிலையங்களுக்குப் படகில் செல்ல வேண்டியிருந்தது. கொச்சி அரசின் உதவித்தொகை கிடைத்தது. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். சோதனைக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சோதனைகளை அருகில் நின்று செய்துகாட்ட மறுத்தார். தாட்சாயணி தள்ளி நின்று, மற்ற மாணவர்கள் செய்வதைக் கவனித்துக் கற்றுக்கொண்டார். அவ்வாறு கற்றே 1935-இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்ற சிறப்பு அவருக்கு உரியது. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தார்.

1935 முதல் 1945 வரை திருச்சூரிலும் பெருங்கோட்டுக்கரையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். பட்டமும் பதவியும் வந்துவிட்டால் இழிவு நீங்கிவிடும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். நடந்தது வேறு. வயல் வரப்பில் நடந்து செல்கையில் எதிரே வந்த மேல்சாதிப் பெண்மணி ஒருவர், அவரைச் சேற்றில் இறங்கி வழிவிடச் சொன்னாராம். தாட்சாயணி இறங்கவில்லை, வசையும் பேசவில்லை. வரப்பில் அசையாமல் நின்றார். கடைசியில் இறங்கிச் சென்றவர் எதிரே வந்தவரே. வகுப்பறையில் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, வீடு திரும்பும் வழியில் இப்படியும் ஒரு தேர்வை எழுத வேண்டியிருந்தது.

1940 செப்டம்பர் 6 அன்று வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில், காந்தியடிகள், கஸ்தூரிபா அன்னை முன்னிலையில் அவர் திருமணம் நடந்தது. மணமகன் ஆர். வேலாயுதன், சமூகப் பணியில் ஈடுபட்டவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணனின் உறவினர். திருமணச் சடங்கை நடத்திவைத்தவர் தொழுநோயால் பீடிக்கப்பட்ட ஒருவர். தீண்டத்தகாதவர் எனப்பட்ட இருவருக்கு, உலகமே தீண்ட அஞ்சிய ஒருவரின் கையால் மங்கலம் நடந்தது. அன்று அங்கிருந்தவர்கள் அதன் பொருளை உணராமல் இருந்திருக்க மாட்டார்கள்.

1945-இல் கொச்சிச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவர் குலத்தார் கூடுவதற்கு நிலம் மறுத்த அதே அரசின் அவையில், அவர் இருக்கையில் அமர்ந்து பேசினார். தீண்டாமை இருக்கும்வரை, ஒடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய பெயரைச் சூட்டுவதால் மட்டும் பயனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். காந்தியடிகளை மனத்தால் வணங்கியவர்தாம்; ஹரிஜன் என்ற சொல் அவர் பரப்பியது என்பதும் அறிந்தவர்தாம். பக்தி அவர் நாவைக் கட்டவில்லை.

மறு ஆண்டு, 1946-இல், சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 34. அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர். அவர்களுள் இளையவர் இவர். தலித் சமூகத்தைச் சேர்ந்த பெண் இவர் ஒருவரே. 1946 டிசம்பர் 9-இல் சபை கூடியது. பத்து நாள்களில், டிசம்பர் 19-இல், ஜவாஹர்லால் நேரு முன்வைத்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது எழுந்து பேசினார். தம் மக்களுக்குத் தனித் தொகுதிகளோ தனிச் சலுகைகளோ கேட்பார் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் கேட்டது ஒழுக்க வழியிலான பாதுகாப்பையும், சமூகத் தடைகள் உடனே நீங்குவதையும். எத்தனை இடங்கள் ஒதுக்கினாலும், அண்டை வீட்டார் மனம் மாறாவிட்டால் உயர்வு வராது என்பது அவர் கருத்து.

இக்கருத்தில் டாக்டர் அம்பேத்கரின் நிலைக்கும் இவர் நிலைக்கும் இடைவெளி இருந்தது. இருவரில் யார் சரி என்று இன்றும் வாதிடலாம். இட ஒதுக்கீடு திறந்துவிட்ட கதவுகளை எண்ணும்போது, தாட்சாயணி அம்மையார் மனித மனத்தின் மீது சற்று அதிகமாகவே நம்பிக்கை வைத்தார் என்று தோன்றுகிறது. ஆனால் சோதனைக்கூடத்தில் தள்ளி நின்றவரும் வரப்பில் நின்றவரும் அந்த நம்பிக்கையை வைத்தார் என்பதை எளிதாகக் கருதிவிட முடியாது. மனிதர்களின் கொடுமையை அறியாத நிலையில் பிறந்த நம்பிக்கையன்று அது.

அவர் யாருக்கும் நிழலாக இருக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று. 1948 நவம்பரில் வரைவு அரசியலமைப்பு விவாதத்திற்கு வந்தபோது, அதிகாரம் அளவுக்கு மீறி மத்தியில் குவிக்கப்பட்டுள்ளது என்று குறைகூறினார். பொதுத்தேர்தல் வழியே மக்களின் ஒப்புதலைப் பெற்ற பின்பே அதை ஏற்க வேண்டும் என்றும் கருதினார். அதே மாதம் 29-ஆம் நாள், தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு சபையின் முன் வந்தது. இன்று அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு எனப்படுவது அதுவே. அன்றும் அவர் பேசினார். பிரிவு நிறைவேறியது. அவ்வேளையில் கொச்சி நாட்டுக் கோயில்களில் அவர் சமூகத்தார் நுழையத் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. திருவிதாங்கூர் 1936-இலேயே கதவைத் திறந்துவிட்டது. கொச்சியில் அது நிகழ 1947–48 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைக்கால நாடாளுமன்றத்தில் கணவரும் மனைவியும் உறுப்பினர்களாக இருந்தார்கள். 1952 தேர்தலில் வேலாயுதன் மக்களவைக்கு வென்றார். தாட்சாயணி அம்மையார் பதவி அரசியலிலிருந்து மெல்ல விலகினார். ஐந்து பிள்ளைகள். சட்டம் இயற்றியவர் என்ற பெருமை வீட்டு அடுப்பை எரியவைக்காது. குடும்பம் பொருள் நெருக்கடியையும் கண்டது. பிள்ளைகள் கற்றார்கள், உயர்ந்தார்கள். மருத்துவம், ஆய்வு எனத் தத்தம் துறைகளில் நின்றார்கள். தேவியின் பெயரைத் தாங்கியமைக்காக ஏளனம் கேட்டவர், தம் மகன்கள் சிலருக்குப் புராணத்துப் பக்தர்களின் பெயர்களையே சூட்டினார். இம்முறை கேட்டு நகைக்க எவரும் இல்லை. மகள் மீரா வேலாயுதன் வரலாற்று ஆய்வாளரானார். தாயைப் பற்றி இன்று நாம் அறிபவற்றுள் பெரும்பகுதி அம்மகள் நினைவுகூர்ந்து எழுதியவற்றால் கிடைத்ததே.

1971-இல் அடூர் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். அதனால் ஓய்ந்துவிடவில்லை. தில்லியில், முனிர்க்காப் பகுதியின் துப்புரவுப் பணிப் பெண்களிடையே சென்று அவர்களோடு பணியாற்றினார். 1977-இல் தலித் பெண்களின் தேசிய மாநாடு ஒன்றைத் தில்லியில் கூட்டி, மகிளா ஜாக்ருதி பரிஷத் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 65. தம் மக்கள் கூட இடமின்றிக் காயலில் கூடிய மறு தலைமுறையில், அவர்களின் பெண்களை நாட்டின் தலைநகரில் கூட்டியவர் அவர். அரசியல் நிர்ணய சபையில் பேசிய பேச்சுகளைவிட இந்த முதுமைக்காலப் பணியை உயர்வாக மதிக்கத் தோன்றுகிறது. அங்கே கேமராக்கள் இல்லை, பதவியும் இல்லை.

1978 ஜூலை 20-இல் காலமானார். தன் வரலாற்றை எழுதத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. கடலுக்குச் சாதி இல்லை என்ற பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்திருந்தார். முளவுகாட்டில் பிறந்து, காயல் சம்மேளனத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் வேறு எந்தத் தலைப்பை வைத்திருக்க முடியும்?

கேரள அரசு 2019-இல் அவர் பெயரால் ஒரு விருதை அறிவித்தது. அதற்கும் முன்பே, 2004-இல், கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு, எர்ணாகுளத்தையும் போல்காட்டியையும் வல்லார்பாடத்தையும் வைப்பினையும் சாலையால் இணைத்துவிட்டன. வள்ளங்களைப் பிணைத்துப் பலகை விரித்த அந்தக் காயலைப் பேருந்தில் செல்வோர் இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள்.